கொடிமலைக் காட்டுக்காக வாதாடிய வழக்கறிஞர் லோகன்

லோகன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் லோகநாதனோ லோகேஸ்வரனோதான் வருவார்கள். ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட்டில், உயர்நீதிமன்றத்துக்கு முன்னால், நான்கு பெண் உருவங்கள் சூழ நிற்கும் பழைய பளிங்கு நினைவுச் சின்னத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, யாரோ தமிழர் என்று நினைப்பவர்களும் உண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் அது இருக்கிறது.

அந்த லோகன் தமிழர் அல்லர், ஸ்காட்லாந்துக்காரர். முழுப்பெயர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். தொழிலால் வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியரும்கூட. வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பெயர் பெரும்பாலும் ஒரு காரணத்துக்காகவே வரும். இந்தோனேசியா என்ற சொல்லை அச்சில் நிலைபெறச் செய்தவர் அவர். ஆனால், பினாங்கில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவரை நினைக்க வேறொரு காரணம் இருக்கிறது. மலையில் மரம் போனால் ஊரில் தண்ணீர் போகும் என்று 1848-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தவர் அவர். காட்டைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்றும் அப்போதே வாதிட்டார்.

இருபது வயதில் பினாங்கு

லோகன் 1819 ஏப்ரல் 10-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பெர்விக்ஷயர் பகுதியில் பிறந்தார். எடின்பரோ நகரில் சட்டம் கற்றார். வங்காளத்துக்கு வந்து அவுரித் தோட்டத் தொழிலில் சிறிது காலம் இருந்தார். அங்கிருந்து 1839-இல் பினாங்குக்கு வந்தபோது அவருக்கு இருபது வயது.

அப்போது பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றோடு சேர்த்து அதை நீரிணைக் குடியேற்றங்கள் என்று அழைத்தார்கள். முக்கியமான முடிவுகள் கல்கத்தாவில் எடுக்கப்பட்டன. தீவிலோ தமிழ் வணிகர்கள், சூலியா முஸ்லிம்கள், படகோட்டிகள், கூலித் தொழிலாளர்கள் என நம்மவர் ஏற்கெனவே வேரூன்றியிருந்தார்கள். குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அப்போதே இருந்தன. சாலைகள் பலவற்றைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். கடலுக்கு அந்தப் பக்கம், இன்று செபராங் பிறை எனப்படும் நிலப்பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழ்த் தொழிலாளர்கள் வரத் தொடங்கிய காலமும் அதுதான்.

லோகன் இங்கே சட்டத் தொழிலில் இறங்கினார். சில ஆண்டுகளில் தம் அண்ணன் ஆபிரகாம் லோகனோடு சிங்கப்பூருக்குப் பெயர்ந்தார். அண்ணனும் வழக்கறிஞர்தான், பின்னாளில் சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் பத்திரிகையை நடத்தியவர். இருவருக்கும் ஒரே குணம். அதிகாரிகள் செய்வது தவறு என்று பட்டால் எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

கல்லைப் படித்த வழக்கறிஞர்

நீதிமன்ற வேலை போக மிஞ்சிய நேரத்தில் லோகன் பாறைகளைப் பார்க்கப் போவார். இன்று இந்த வேலைக்கு அரசாங்கத்தில் தனித் துறையே இருக்கிறது. அந்தக் காலத்தில் நீரிணைக் குடியேற்றங்களில் புவியியல் துறையும் இல்லை, காட்டுத் துறையும் இல்லை, ஆறுகளை அளக்கும் அலுவலகமும் இல்லை. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, ஆறு எங்கிருந்து வருகிறது, எந்த மலை எதனால் ஆனது என்பதையெல்லாம் சொந்தச் செலவில் அலைந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

லோகன் அப்படிப் பார்த்தார். சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் புலாவ் உபின் தீவின் கருங்கற்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். சிங்கப்பூரின் நில அமைப்பைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1847-இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஜொகூர் ஆறுகளின் வழியே படகில் உள்நாட்டுக்குப் போய், அங்கிருந்த பூர்வகுடி மக்களின் வாழ்க்கையையும் பதிவு செய்தார். மலாய் தீபகற்பம் முழுவதன் மலைகளையும் ஆறுகளையும் பாறைகளையும் ஒரே கட்டுரையில் தொகுத்து 1848-இல் வெளியிட்டார். லண்டன் புவியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அவர் சொன்னது எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. கையில் சுத்தியலும் குறிப்பேடும் தவிர வேறு கருவி இல்லாத காலத்தில், சில பாறைகள் எப்படி உருவாயின என்று அவர் செய்த ஊகங்களைப் பின்னால் வந்த புவியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் தொடக்கம் என்று ஒன்று வேண்டும் அல்லவா? அந்தத் தொடக்கத்தைப் போட்டவர்களில் அவர் ஒருவர்.

லோகனின் இதழ்

1847-இல் லோகன் ஓர் ஆய்வு இதழைத் தொடங்கினார். இந்தியத் தீவுக்கூட்டமும் கிழக்காசியாவும் பற்றிய இதழ் என்பது அதன் நீண்ட பெயரின் பொருள். மக்கள் அதை லோகனின் இதழ் என்றே சுருக்கி அழைத்தார்கள். ஆசிரியரும் அவரே, முக்கிய எழுத்தாளரும் அவரே. மருத்துவர்கள், நில அளவையாளர்கள், பாதிரிமார்கள், தோட்டக்காரர்கள் எனப் பலரிடமும் கேட்டு வாங்கி வெளியிட்டார். மொழி, பயிர், நோய், மழை, பாறை, வணிகம் என்று அதில் வராத விஷயம் குறைவு.

1850-இல் அந்த இதழில்தான் இந்தோனேசியா என்ற பெயர் வந்தது. ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்பவர் அந்தத் தீவுவாசிகளுக்குப் பொதுப்பெயர் தேடியபோது அதைப் போன்ற ஒரு சொல்லை முன்வைத்து, தாமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். லோகன் அதை எடுத்துச் சீர்செய்து, நிலப்பரப்பின் பெயராகப் பயன்படுத்தினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து 1945-இல் ஒரு நாடே அந்தப் பெயரில் விடுதலையை அறிவித்தது.

தமிழர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றும் அந்த இதழில் உண்டு. இப்பகுதி மக்களின் மொழி உறவுகளைத் தேடிப்போன லோகன், 1853 வாக்கில் தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளைப் பற்றி நீண்ட ஆய்வை எழுதினார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். திராவிட மொழிகளைத் தூரத்து மொழிகள் பலவற்றோடு லோகன் தொடர்புபடுத்தியது பின்னாளில் நிற்கவில்லை. ஆயினும், தமிழ் இலக்கண அமைப்பை உலக மொழிகளோடு வைத்துப் பார்க்கும் முயற்சி அந்த நாளிலேயே இந்த மண்ணில் நடந்திருக்கிறது.

1848: மலை மொட்டையாகிறது

இனி அந்தக் கட்டுரை. லோகன் இதழின் இரண்டாம் தொகுதியில், 1848-இல், மூன்றே பக்கங்களில் அது வெளிவந்தது. பினாங்கின் மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்துக்கொண்டே போனால் தீவின் பருவநிலைக்கு என்ன ஆகும் என்பதே தலைப்பின் பொருள்.

அந்தக் காலத்துப் பினாங்கில் சாதிக்காயும் கிராம்பும் பணம் காய்ச்சி மரங்களாக இருந்தன. சமவெளி நிரம்பியதும் மலைச்சரிவுகளில் ஏறினார்கள். மரத்துக்காகவும் விறகுக்காகவும் வெட்டியவர்களும் உண்டு. நகரை நோக்கியிருந்த கிழக்குச் சரிவுகளில் சில ஆண்டுகளுக்குள்ளேயே காடு காணாமல் போனதை லோகன் கண்டார். முன்பு பச்சையாக இருந்த மலைமுகம் வெறுமையானது அவரை உறுத்தியது.

அவருடைய வாதம் எளியது. மலைக்காடு என்பது ஊர் முழுவதுக்குமான தண்ணீர்ச் சேமிப்பு. அதை அழித்தால் ஓடைகள் வற்றும். வெயில் காலத்தில் கீழே இருக்கும் வயலும் தோட்டமும் வீடும் தவிக்கும். சரிவில் நிலம் வாங்கியவருக்குக் கிடைக்கும் இலாபம் அவருக்கு மட்டும். ஆனால் நட்டம் எல்லாருக்கும். ஆகவே இதைத் தனியார் விருப்பத்துக்கு விட முடியாது, பருவநிலையைக் காப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்றார் அவர்.

ஒரு வழக்கறிஞருக்கே உரிய வாதம் இது. மரம் அழகானது என்றோ காடு புனிதமானது என்றோ அவர் உருகவில்லை. ஒருவர் தம் நிலத்தில் செய்யும் காரியம் இன்னொருவர் கிணற்றைப் பாதித்தால், நடுவில் நிற்க வேண்டியவர் யார் என்பதுதான் அவர் கேள்வி. நிலத்தைக் கொடுக்கும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. எனவே கேள்வியும் அரசின் வாசலுக்கே போனது.

கருங்கல் மலைக்குள் தண்ணீர்

லோகன் சொன்னதன் உண்மை பினாங்குத் தீவின் நில அமைப்பிலேயே இருக்கிறது. தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. நம்மவர் கொடிமலை என்று அழைக்கும் பினாங்கு மலைத்தொடர் கடல் மட்டத்திலிருந்து 833 மீட்டர் உயர்கிறது. கெட்டியான கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. ஆனால் பல இலட்சம் ஆண்டுகள் மழையும் வெயிலும் பட்டு, பாறையின் மேற்பகுதி சிதைந்து மணலும் களிமண்ணுமாக மாறியிருக்கிறது. அந்த மண் போர்வைதான் தண்ணீர்த் தொட்டி.

காடு இருக்கும்போது மழை நேராகத் தரையில் அறைவதில்லை. இலையில் விழுந்து, சருகில் இறங்கி, வேர் போன வழியே மண்ணுக்குள் போகிறது. அங்கே தங்கி, பாறை வெடிப்புகள் வழியாக மெல்லக் கசிந்து, மழை நின்ற பல வாரங்களுக்குப் பிறகும் ஓடையாக வருகிறது. காட்டை வழித்துவிட்டால் மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போய்விடும். அன்று வெள்ளம், அடுத்த மாதம் வறட்சி.

காடு அழிந்தால் மழையே குறைந்துவிடும் என்பதும் அந்த நூற்றாண்டு அறிஞர்கள் பலரின் நம்பிக்கை. கடல் சூழ்ந்த சிறிய தீவில் அது எவ்வளவு பொருந்தும் என்பது எளிதில் தீராத கேள்வி. ஆனால் மண்ணில் தண்ணீர் தங்குவதும் ஓடை வற்றாமல் இருப்பதும் காட்டைப் பொறுத்தது என்ற பகுதியை இன்றைய நீரியலும் ஏற்கிறது.

அருவி இருக்கும் மலையைத் தமிழர்கள் தண்ணீர்மலை என்று அழைத்தார்கள். தைப்பூசத்தன்று வெள்ளி இரதம் போய்ச் சேரும் அந்த மலையின் பெயரிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. ஜார்ஜ்டவுன் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் குடித்தது இந்த மலையருவியின் தண்ணீரைத்தான். செங்கல்லால் கட்டிய கால்வாய் வழியே அது நகருக்கு வந்தது. அருவி நின்றால் நகரமே நிற்கும் என்பது அன்றைய மக்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

சென்னையிலும் அதே குரல்

லோகன் தனியாகப் பேசவில்லை. அதே ஆண்டுகளில் சென்னையில் எட்வர்ட் பால்ஃபர் என்ற இராணுவ மருத்துவர், மரங்களுக்கும் ஒரு நாட்டின் பருவநிலைக்கும் உள்ள உறவைப் பற்றி 1849-இல் எழுதினார். எழும்பூர் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் அவர்தான். பஞ்சத்தையும் காலராவையும் கண்ணால் கண்ட மருத்துவர்களுக்கு, தண்ணீர் என்பது உயிர்ப் பிரச்சினை என்று தெரிந்திருந்தது. சில ஆண்டுகளில், 1856-இல், சென்னை மாகாணம் தனக்கென ஒரு காட்டுக் காப்பாளரை நியமித்தது.

பினாங்கில் அது நடக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

நீதிமன்றமும் பத்திரிகையும்

1853-இல் லோகன் பினாங்குக்கே திரும்பினார். பினாங்கு கெஜட் பத்திரிகையை நடத்தினார். வெள்ளையர் அல்லாத மக்களின் உரிமைக்காக நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் அவர் பேசியது ஊரறிந்த செய்தி. கல்கத்தாவிலிருந்து வந்த பிடிக்காத உத்தரவுகளைக் கண்டித்து எழுதினார். 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து, நேரடியாக இலண்டனின் கீழ் வந்தன.

ஆனால் அவருடைய ஆய்வு இதழ் நீடிக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் தாங்கிப்பிடித்தும், 1850-களின் முடிவில் அது ஓய்ந்தது. அறிவியல் இதழை ஒரு தனி மனிதரின் தோள் எத்தனை நாள் சுமக்கும்?

1869 அக்டோபர் 20-ஆம் தேதி லோகன் பினாங்கில் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். வயது ஐம்பது. கொசுதான் அந்த நோயைப் பரப்புகிறது என்பது உலகுக்குத் தெரிய இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தன. அதே காய்ச்சல் பின்னர் நம் தோட்டப்புற லயங்களில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதைத் தோட்டக் குடும்பங்கள் அறியும். பிரான்சிஸ் லைட் துயிலும் அதே பழைய புரொட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் லோகனும் அடக்கம் செய்யப்பட்டார். பொதுமக்கள் பணம் திரட்டி அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதிலுள்ள நான்கு பெண் உருவங்கள் நீதி, நிதானம், மனவுறுதி, விவேகம் ஆகிய நற்குணங்களைக் குறிப்பவை. அவர் சேர்த்து வைத்திருந்த மொழியியல் நூல்கள் 1879-இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அரசு விழித்த வரிசை

லோகன் கேட்ட கேள்விக்கு அரசு பதில் சொல்லத் தொடங்கியது அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் நதானியல் கான்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் பற்றிய அறிக்கையை 1883-இல் கொடுத்தார். அதன் பிறகே ஒதுக்குக் காடுகள் வகுக்கப்பட்டன. 1884-இல் பினாங்கு அருவியின் அடிவாரத்தில் தாவரவியல் பூங்கா அமைந்தது. சார்லஸ் கர்ட்டிஸ் அதற்கும் காட்டுப் பணிக்கும் பொறுப்பேற்றார். மலாய் மாநிலக் கூட்டரசு தன் முதல் அரசாங்கப் புவியியலாளராக ஜான் புரூக் ஸ்கிரிவனரை நியமித்தது 1903-இல். அவருடைய அலுவலகம் பேராவின் பத்து காஜாவில் இருந்தது. ஈயம் எங்கே கிடைக்கும் என்று கண்டறிவதே அதன் முதல் வேலை.

இந்த வரிசையைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எதை எடுக்கலாம் என்று தேடும் ஆய்வுக்குப் பணம் கிடைப்பது எளிது. எதைக் காக்க வேண்டும் என்று தேடும் ஆய்வுக்கு எப்போதும் கால தாமதம்தான். நாட்டின் நீர் ஆய்வுக்கென்று நஹ்ரிம் என்ற தேசியக் கழகம் உருவானது 1995-இல்.

இன்று அதே வழக்கு

பினாங்கின் தாகம் அருவியோடு அடங்கவில்லை. ஆயர் ஈத்தாம் அணை 1962-இல் வந்தது, தெலுக் பஹாங் அணை 1999-இல் வந்தது. ஆனால் இன்று மாநிலத்தின் மூலநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வருவது சுங்கை மூடாவிலிருந்து. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். கெடாவின் நெல் வயல்களுக்கும் அதே நீர்ப்பிடிப்புப் பகுதிதான் ஆதாரம். அங்கே மரம் வெட்டலாமா, வெட்டாமல் இருந்தால் வருமானத்தை இழக்கும் கெடாவுக்கு யார் ஈடு தருவது என்ற சர்ச்சை நீண்ட காலமாக நடக்கிறது. மேலே காடு, கீழே குழாய், நடுவில் அரசு. இரண்டு மாநிலமாக விரிந்திருந்தாலும் இது 1848-இல் லோகன் எடுத்த அதே வழக்குதான்.

தீவுக்குள்ளும் அந்த வழக்கு முடியவில்லை. 76 மீட்டருக்கு மேல் இருக்கும் மலைநிலத்தில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அப்படியிருந்தும், 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் வந்த பெருமழையில் மாநிலமே வெள்ளத்தில் மூழ்கியது; மலைச்சரிவுகள் பல இடங்களில் விழுந்தன. சரிவை வெட்டினால் அடியில் இருப்பவருக்குத்தான் ஆபத்து என்பதை யாரும் புதிதாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 2021-இல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. மலைக்காடும் அதன் கீழுள்ள நீர்நிலைகளும் கடலோரமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்ற எண்ணத்துக்குக் கிடைத்த ஏற்பு அது.

நம்மவருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. எங்கே வெட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் ஓடை கலங்கியபோது அந்தத் தண்ணீரையே குடித்தவர்கள் அவர்கள். இன்றும் நீர்த்தடை என்று அறிவிப்பு வந்தால், அடுக்குமாடி வீட்டின் மேல்மாடியிலும் ஆற்றோரக் கம்பத்திலும் வாளியோடு நிற்பவர்களில் நம்மவர் இருக்கிறார்கள். ஆகவே மலை யாருடையது என்ற கேள்வி நமக்கு வெளியார் கேள்வி அல்ல.

லோகனிடம் பதவி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, அரசாங்கச் சம்பளமும் இல்லை. சரிவைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்து மூன்று பக்கம் எழுதினார். இப்போது துறைகள் இருக்கின்றன, அளவீடுகள் இருக்கின்றன, சட்டங்களும் இருக்கின்றன. மலையில் ஒரு துண்டு நிலத்துக்கு அனுமதி கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், அந்த அளவீடுகளை முதலில் மேசைக்குக் கொண்டுவரும்படி கேட்பது மட்டும் மக்கள் கையில் இருக்கிறது.